எத்தனை வோல்ட், எத்தனை மில்லிகிராம்?

மெல்லிய மின்சாரத்தின் அதிர்வெண்ணால் கிருமியைக் கொன்று நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பதுதான் ஃப்ரீக்வன்சி கருவி. நாள்பட்ட நோய் இருக்கும் வீட்டுக்குள் அது தனியாக வருவதில்லை. கையில் பிடிக்க இரண்டு செம்புக் குழாயோ மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டையோ உள்ள சின்னப் பெட்டி வரும். கூடவே அதை விற்றவரே தரும் நான்கைந்து டப்பாக்களும் வரும்: சத்து மாத்திரை, மூலிகைப் பவுடர், ஏதாவது ஒரு பழச்சாறு. சென்னையில் இவை கடையில் விற்பதைவிட மனிதர் வழியாகப் பரவுவதே அதிகம். அடுக்குமாடியில் எதிர்வீட்டு மாமி சொல்லுவார், பூங்கா வாசலில் இலவசப் பரிசோதனை என்று மேசை போட்டிருப்பார்கள், அலுவலக நண்பர் ஒருவர் சங்கிலி விற்பனையின் டவுன்லைனில் சேர்ந்திருப்பார். சொல்கிறவர்களில் பலர் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள்.

கருவியிடமும் டப்பாவிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உடம்புக்குள் எவ்வளவு போகிறது? கருவியைத் திறந்து அளந்தால், சொல்லப்படும் வேலைக்கு வேண்டியதில் லட்சத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை என்று தெரியும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டினால், பல நேரம் தேவைக்கு மேல் பத்து மடங்கு, நூறு மடங்கு போவது தெரியும். இரண்டையும் ஒரே வாயால் 'இயற்கையானது, சைடு எஃபெக்ட் இல்லாதது' என்று சொல்லி விற்கிறார்கள். கருவியைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை, ஏனென்றால் அதற்கு எஃபெக்ட்டே இல்லை. டப்பாவைப் பொறுத்தவரை அது உண்மையே இல்லை.

பெட்டியைத் திறந்தால்

'ஸாப்பர்' என்ற பெயரில் வரும் எளிய வகையைத் திறந்தால் உள்ளே ஒரு 555 டைமர் ஐசி, 3.9 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு, 4.7 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, ஒரு எல்இடி, ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கும். மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் அந்த ஐசி பத்துப் பதினைந்து ரூபாய். செம்புக் குழாய் நீங்கலாக மொத்தப் பாகங்களும் இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்பதை, கணக்கிடுவதும் எளிது. முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டினால் 11.7 கிலோஓம். அதைக் கெபாசிட்டரின் மதிப்பால் பெருக்கி, வந்த விடையால் 1.44ஐ வகுத்தால் சுமார் 26,000 ஹெர்ட்ஸ். சாதாரண கெபாசிட்டரின் மதிப்பு 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதால், கடைசியில் வெளிவருவது 24,000 ஆகவும் இருக்கலாம், 28,000 ஆகவும் இருக்கலாம். 'இந்தக் கிருமிக்கு இந்த எண்' என்று ஹெர்ட்ஸ் கணக்கில் பட்டியல் கொடுப்பவர்கள் விற்கும் பெட்டியால் அந்த எண்ணில் நிற்கவே முடியாது. விலை கூடிய கருவிகளில் கிரிஸ்டல் ஆசிலேட்டர் இருக்கும், எண் அசையாது. ஆனால் எண் அசையாமல் நிற்பதற்கும் கிருமி சாவதற்கும் தொடர்பில்லை.

காரணம் வோல்ட்டில் இருக்கிறது. இரண்டு கையிலும் குழாயைப் பிடித்தால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுமார் 150 சென்டிமீட்டர் போக வேண்டும். 9 வோல்ட்டை 150ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 0.06 வோல்ட். அதிலும் ஒரு பகுதி தோலிலேயே விழுந்துவிடும். பாக்டீரியாவின் சவ்வை மின்புலத்தால் கிழிக்க முடியும் என்பது உண்மைதான். பழச்சாற்றைச் சூடாக்காமல் பதப்படுத்தும் ஆலைகளில் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே சென்டிமீட்டருக்கு 20,000 முதல் 40,000 வோல்ட் வரை நொடியின் மிகச் சிறு துளியில் பாய்ச்சுகிறார்கள். கையில் பிடித்த குழாய் தருவது அதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு.

'கொல்றது கரண்ட் இல்ல சார், ரெசொனன்ஸ்' என்பார்கள். தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் உள்ள பக்கத்துத் தந்தி தானாக அதிருமே, அதுபோல என்று விளக்குவார்கள். தந்தி காற்றில் நிற்கிறது, அதனால் அதிர்கிறது. அந்தத் தந்தியைச் சுற்றி ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மீட்டிப் பாருங்கள். ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கிருமி அப்படிச் சுற்றப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. அதிரத் தொடங்கும் முன்பே அடங்கிவிடும். அளவுக் கணக்கும் ஒத்துவராது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். பாக்டீரியா அளவில், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமுள்ள பொருளுக்குள் ஒரு அதிர்வு அடங்க வேண்டுமென்றால் அது 75 கோடி ஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் 727, 787, 880 ஹெர்ட்ஸ் எங்கே, 75 கோடி எங்கே.

இந்தச் சிந்தனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்ற மருத்துவர் 'ஒவ்வொரு நோய்க்கும் ஒரு அதிர்வு' என்று சொல்லி, திறந்து பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பெட்டிகளை வாடகைக்கு விட்டார். 1924இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் அமைத்த குழு சோதித்துவிட்டு அதில் ஒன்றுமில்லை என்று அறிவித்தது. 1930களில் சான் டியேகோவில் ராயல் ரைஃப், கிருமிகளை அதிர்வெண்ணால் உடைப்பதாகச் சொன்னார். உயிருள்ள வைரஸைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்ததாகவும் சொன்னார். சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை அத்தகைய நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது, பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை. 1990களில் ஹுல்டா கிளார்க் இதையே 9 வோல்ட் பேட்டரிக்குள் சுருக்கி, புற்றுநோய் உட்பட எல்லாவற்றுக்கும் ஒட்டுண்ணிதான் காரணம் என்றார். அவர் 2009இல் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயால் இறந்தார். இன்று வரும் பெட்டிகளிலும் சிலவற்றின் சர்க்யூட் மேல் கறுப்பு எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கும். மூடியதைக் கண்டால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பதைக் காட்ட மறுப்பதற்கு நோயாளியின் நன்மை சார்ந்த காரணம் எதுவும் இருக்க முடியாது.

வேலை செய்யும் மின்சாரம்

மின்சாரத்தையோ அதிர்வெண்ணையோ ஒட்டுமொத்தமாக நிராகரிக்க வேண்டியதில்லை. பிசியோதெரபி அறையில் தினமும் நடப்பது அதுதான். தோல் வழியே நரம்புக்கு மின் துடிப்பு தரும் டென்ஸ் கருவி 2 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை, வலிக்குத் தரும் ஐ.எஃப்.டி. (இன்டர்ஃபெரன்ஷியல் சிகிச்சை) 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இரண்டு மின்னோட்டங்கள், அல்ட்ராசவுண்ட் 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ், ஆழமாகச் சூடு தரும் ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸ். மூளைக் கட்டியில் ஒரு வகையான கிளியோபிளாஸ்டோமாவுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் தரும் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011இல் அனுமதி தந்தது. ஆனால் அதைத் தலையை மழித்து, ஒட்டுத் தகடுகளோடு நாளில் 18 மணி நேரம் அணிய வேண்டும். கட்டியின் இடத்தில் சென்டிமீட்டருக்கு 1 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும்படி தகடுகளின் இடத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் மருந்துச் சிகிச்சையோடு சேர்த்துத்தான் தருகிறார்கள், ஆயுள் நீள்வதும் மாதக் கணக்கில்தான். உண்மையான அதிர்வெண் சிகிச்சை இப்படித்தான் இருக்கும்: ஒரு நோய், ஓர் அளவு, ஒரு வரம்பு. ஒரே பெட்டி சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி, புற்று எல்லாவற்றுக்கும் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வலிக்காக வீட்டில் கருவி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் டென்ஸ் வாங்கலாம். நோயை மாற்றாது, வலியைச் சிலருக்குச் சில மணி நேரம் அடக்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 50 முதல் 200 மைக்ரோநொடி. வலிக்காத அளவுக்குக் குறுகுறுப்பு தெரியும்வரை ஏற்றி, 20 முதல் 30 நிமிடம். இரண்டு பட்டைகளுக்கு நடுவே குறைந்தது ஓர் அங்குல இடைவெளி. சென்னை வெயிலில் இது கெட்டுப்போவது பெரும்பாலும் தோலால்தான். வியர்வையோ தைலமோ நல்லெண்ணெயோ இருந்தால் பட்டையின் ஓரம் எழும்பும், ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் மொத்த மின்னோட்டமும் குவிந்து சுருக்கென்று சுடும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள், பவுடர் போடாதீர்கள். பட்டையின் பசை போனதும் மாற்றுங்கள், டேப் போட்டுச் சமாளிக்காதீர்கள். கழுத்தின் முன்பக்கம், மார்பின் குறுக்கே, கண்ணருகே, புண் மேல், உணர்ச்சி மரத்த தோலில், கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வலிப்பு நோயுள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான்.

ஸாப்பருக்கும் டென்ஸுக்கும் மின் அமைப்பில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டென்ஸில் ஒவ்வொரு துடிப்பும் இரு பக்கமும் சமமாகப் போய் வரும், நிகர ஒருதிசை மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். ஸாப்பர் பூஜ்யத்துக்கும் 9 வோல்ட்டுக்கும் நடுவில் மட்டுமே ஏறி இறங்கும், அதாவது சராசரியாக 5 வோல்ட் ஒரே திசையில் நிற்கும். ஒரு மல்டிமீட்டரை டி.சி. நிலையில் வைத்து, குழாய்களுக்கு நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தால் நீங்களே பார்க்கலாம். இந்த ஒருதிசை மின்சாரம் எதிர்முனையில் காரத்தையும் நேர்முனையில் அமிலத்தையும் உண்டாக்கும். உப்புத்தண்ணீரில் நனைத்த துணியோடு அரைமணி நேரம் பிடித்தால் எதிர்முனைப் பக்கத் தோல் சிவந்து கொப்புளிக்கலாம். நேர்முனைச் செம்பில் பச்சை பூக்கும். அது செம்பு அரிப்பதால் வருவது, உடம்பிலிருந்து வரும் விஷம் அல்ல. கால்களைத் தொட்டியில் வைத்து 'கழிவை இழுக்கும்' கருவியில் தண்ணீர் பழுப்பாவதும் இதே கதை: இரும்பு மின்முனை உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்கிறது. காலை வைக்காமல் அதே உப்பு, அதே நேரம் ஓட்டிப் பாருங்கள், தண்ணீர் பழுப்பாகும்.

பேட்டரிக்குப் பதில் அடாப்டரில் ஓடும் கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். செல்போன் சார்ஜரில் போட்டிருக்கும்போது உலோகப் பகுதியைத் தடவினால் வரும் குறுகுறுப்பு பலருக்குத் தெரியும். அது அடாப்டர் கசியவிடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். உடம்பில் இணைக்கும் மருத்துவக் கருவியில் அது சாதாரண நிலையில் 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். சாதாரண இரண்டு முள் அடாப்டர் அந்த வரம்புக்காகச் செய்யப்பட்டதல்ல.

கையைப் பிடித்து நாற்பது நோய் சொல்லும் கருவி

'குவாண்டம் அனலைசர்' என்ற பெயரில் வரும் பெட்டியில் ஒரு உலோகத் தண்டைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கல்லீரல், சிறுநீரகம், எலும்பு, வைட்டமின் என்று பக்கம் பக்கமாக அறிக்கை வரும். கடைசிப் பக்கத்தில் வாங்க வேண்டிய டப்பாக்களின் பெயர் இருக்கும். ஒரு தண்டும் ஒரு யூஎஸ்பி கம்பியும் ரத்தத்தில் வைட்டமின் அளவை அறிய வழியில்லை. சோதிக்க விரும்பினால் அதே ஆளை அடுத்தடுத்து இரண்டு தடவை பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டாவது தடவை வயதையும் எடையையும் மாற்றிப் பதியுங்கள். பிறகு தண்டின் மேல் ஈரத்துண்டைச் சுற்றி, ஒரு மனிதர் பெயரில் ஓட்டுங்கள். மூன்று அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

விரல் நுனியில் பேனா போன்ற முள்ளை அழுத்தி 0 முதல் 100 வரை காட்டும் வகை வேறு. 1950களில் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் ஃபோல் தொடங்கியது அது. அளப்பது தோலின் மின்தடையைத்தான். முள்ளை அழுத்த அழுத்த எண் ஏறும், தோல் ஈரமானால் ஏறும், அதே இடத்தில் மறுபடி வைத்தால் மாறும். அழுத்தும் கை விற்பவருடைய கை என்பதை மறக்காதீர்கள்.

'முதல்ல கூடும், அப்புறம் குறையும்'

இந்த ஒரு வாசகம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. கருவியையோ பவுடரையோ தொடங்கிய பின் காய்ச்சல், வாந்தி, அரிப்பு, மூட்டு வீக்கம் வந்தால், 'கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி, நிறுத்தாதீங்க' என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற பெயரையும் சேர்ப்பார். அப்படி ஒரு எதிர்வினை உண்மையிலேயே உண்டு. சிபிலிஸ் போன்ற தொற்றுக்குப் பென்சிலின் போன்ற ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வந்து, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். சர்க்கரை, சொரியாசிஸ், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவருக்குக் கருவி பிடித்து மூன்று வாரம் நீடிக்கும் வாந்தி அது அல்ல. அது கல்லீரலாக இருக்கலாம், கால்சியம் ஏறியிருக்கலாம், நிறுத்திய மருந்தின் விளைவாக இருக்கலாம். இந்த வாசகத்தால் நல்லது நடந்தாலும் கருவிக்கு வெற்றி, கெட்டது நடந்தாலும் வெற்றி. நோயாளி மட்டும் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரத்தை இழக்கிறார்.

'எனக்குக் குறைஞ்சுதே' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, தோல் நோய் எல்லாம் அலையாக ஏறி இறங்குபவை. ஏறிய உச்சத்தில்தான் நாம் புதிதாக ஒன்றை வாங்குவோம், அதன்பின் எதைச் செய்தாலும் இறங்கும். இதைப் பிரித்தறிய என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. காசநோய்க்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வும் நல்ல காற்றும் சத்தான உணவும் அவசியம் என்று உலகமே நம்பிய காலத்தில், சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்று. 1959இல் வெளியான முடிவில் இரு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். குணமாக்கியது மருந்து என்று அப்போதுதான் தெளிவானது. அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. சானடோரியம் என்ற பெயர் தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தில் நிற்கிறது.

வீட்டில் இதன் சிறு வடிவத்தைச் செய்யலாம். பிடித்தால் எந்த உணர்வும் தராத கருவிக்கு மட்டும் இது சரிப்படும். பெட்டிக்கு இரண்டு ஜோடி ஒயர் வாங்கி, ஒரு ஜோடியின் உள்கம்பியை உறைக்குள்ளேயே துண்டித்துவிடுங்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. வீட்டில் ஒருவர் தினமும் தனியாக நாணயம் சுண்டி, பூ விழுந்தால் நல்ல ஒயரையும் தலை விழுந்தால் அறுந்த ஒயரையும் மாட்டித் தந்து, ஒரு நோட்டில் குறித்து மூடி வைக்க வேண்டும். நோயாளி இரவில் வலியை 0 முதல் 10 வரையும், காலையில் மூட்டு இறுக்கம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும், இன்று ஓடியதா இல்லையா என்ற தன் ஊகத்தையும் எழுத வேண்டும். மருந்து, உணவு எதையும் இந்த நாள்களில் மாற்றக் கூடாது. 20 நாள் கழித்து இரண்டு நோட்டையும் ஒப்பிடுங்கள். ஊகம் 10 நாள் அளவில் சரியாக இருந்தால் அது நாணயத்தின் வேலை. 15 நாள் அல்லது அதற்கு மேல் சரியாக வருவது வெறும் தற்செயலில் நூற்றுக்கு இரண்டு தடவைதான் நடக்கும்.

டப்பாவின் பின்பக்கம்

எல்லா டப்பாவையும் மேசையில் வைத்து, ஒரு தாளில் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வரிசை போட்டு, நாளொன்றுக்கு எவ்வளவு என்று கூட்டுங்கள். இந்த ஒரு மணி நேர வேலையை யாரும் செய்வதில்லை.

வைட்டமின் டி முதலில். 60,000 ஐ.யு. சாஷே வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கமான குறைபாட்டுச் சிகிச்சை, மொத்தம் 4.8 லட்சம் ஐ.யு. சீட்டைத் தவறாகப் படித்துத் தினம் ஒன்று இரண்டு மாதம் குடித்தால் 36 லட்சம். கொழுப்பில் தங்கும் வைட்டமின் இது, நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, வயதானவருக்குத் திடீர்க் குழப்பம் என்றால் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் அன்றே பார்க்க வேண்டும்.

பி6 அடுத்தது. கால் எரிச்சலுக்கென்று சர்க்கரை நோயாளிகள் பி காம்ப்ளெக்ஸ், 'நரம்பு மாத்திரை', மல்டிவைட்டமின் என்று மூன்று எடுப்பார்கள், மூன்றிலும் பி6 இருக்கும். நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் அந்த வைட்டமினே நரம்பைக் கெடுத்து, அதே கால் எரிச்சலையும் மரத்துப்போதலையும் தரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவருக்கு உண்மையில் குறையக்கூடியது பி12. அதை ரத்தத்தில் பார்த்து, குறைவென்றால் அதை மட்டும் எடுப்பது சரி.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு வேண்டியது சில பத்து மைக்ரோகிராம். பல ஆய்வகக் கருவிகள் ரத்தப் பரிசோதனையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துவதால், இது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும் ஆபத்தும் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், நெஞ்சுவலியோடு போனால் எடுத்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் எடுப்பவர்கள் கால்சியம், இரும்பு மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். டிகிரி காபியும் மாத்திரை போட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

'மஞ்சள்தானே' என்பார்கள். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூனில் 100 மில்லிகிராம் வரும், அதிலும் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் ஏறும். மாத்திரையில் 95 சதவீதச் சாறு 500 மில்லிகிராம், கூடவே மிளகின் பைப்பரின். பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. விற்பதற்கு அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கூட்டல்தான் கல்லீரலைப் பாதிப்பதாக இப்போது பதிவாகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். சீந்திலைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு வந்த கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். மூத்திரம் கட்டன் டீ நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்தி எல்.எஃப்.டி. (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

சிறுநீரகம் பாதித்தவருக்கு நோனி, கோதுமைப்புல் சாறு, இளநீர் எல்லாமே பொட்டாசியம். அது ஏறினால் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பு தடுமாறும். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை எடுப்பவர் பூனைக்காலி விதைப் பொடியைச் சேர்த்தால், அந்த விதையிலேயே எல்-டோபா இருப்பதால் இரட்டை டோஸ் ஆகி, உடம்பு தன்னிச்சையாக நெளியத் தொடங்கும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த கூழ்ம வெள்ளித் தண்ணீர் தோலை நீலச் சாம்பல் நிறமாக்கும், அந்த நிறம் போகாது.

பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருட வலி மூன்றே நாளில் மறைந்து, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்தவுடன் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வந்து உயிரே போகலாம். பொட்டலத்தோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலின் அளவைக் காலை 8 மணிக்குப் பரிசோதனை செய்து, படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவருவார்கள். சித்த மருத்துவத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்து, பெயர் எழுதிய சீட்டோடு மருந்து தருவார்.

பெட்டி இருக்கட்டும், மாத்திரை நிற்கக் கூடாது

வீட்டில் பெரியவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் திட்டி என்ன பயன்? பணம் போன வருத்தத்தோடு அவமானமும் சேர்ந்தால் அவர் மறைத்துச் செய்யத் தொடங்குவார். 'அப்பா, இதப் புடிச்சுக்கோங்க, வேண்டாம்னு சொல்லல. இன்சுலின மட்டும் நிறுத்தாதீங்க' என்று சொல்லலாம். டைப் 1 சர்க்கரையில் இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும் நிலை. வலிப்பு மாத்திரை நின்றால் தொடர் வலிப்பு. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை நின்றால் பக்கவாதம். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் மாத்திரையை விட்டால் உறுப்பே போய்விடும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்து மருந்துக்கு அடங்காத காசநோய். மார்பகக் கட்டிக்கு ஆறு மாதம் கருவி பிடித்துவிட்டு அதன்பின் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால், அந்த ஆறு மாதத்தை அங்கே யாராலும் திருப்பித் தர முடியாது.

கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின், எல்.எஃப்.டி., டி.எஸ்.ஹெச். எல்லாம் பார்த்துவிடலாம். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி துறையே தனியாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய எழுத்துகள்

2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் கருவியின் பெட்டியில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ., சி.இ. முத்திரைகள் அந்த உரிமத்துக்குப் பதிலாகாது. உரிமம் கேட்டால் 'இது மெடிக்கல் இல்ல, வெல்னஸ்' என்பார்கள். அப்படியானால் நோயின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் பட்டியலிட்ட 54 நோய்நிலைகளுக்குத் தீர்வு என்று விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை, புற்று, வலிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் உண்டு. விற்பவரிடம் 'எந்த நோய்க்கு, எத்தனை நாள்ல, எந்த டெஸ்ட்ல மாற்றம் தெரியும்னு பில்லுல எழுதிக் கையெழுத்து போடுங்க' என்று கேளுங்கள்.

சத்து மாத்திரை டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டு, நிறுவனத்தின் பெயரும் உரிமத்தின் காலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 'ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று மொத்த எடையை மட்டும் எழுதி, உள்ளே ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே பாதிப்பு வந்துவிட்டதென்றால் டப்பாவை எறியாமல், பேட்ச் எண்ணோடும் மிச்சப் பொடியோடும் பில்லோடும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். தொடங்கிய தேதி, நாளொன்றுக்கு எவ்வளவு, முதல் அறிகுறி வந்த தேதி, கூட எடுத்த மற்ற மருந்துகள் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய நாடு முழுவதற்கும் இலவச எண் 1800-180-3024. நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே அழைத்துச் சொல்லலாம்.